'தேசபக்தன்' எங்கே கிடைக்கும்? மலையக இதழ்களின் எண்ணிமப் பாதுகாப்பு

தோட்டத் துரைமார் படித்த 'ட்ராபிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' 1881இல் கொழும்பில் தொடங்கியது. அதன் பழைய தொகுதிகளை இன்று நுவரெலியாவில் இருந்தபடியே கைபேசியில் படிக்கலாம். மேலைநாட்டு நூலகங்கள் எப்போதோ வருடி ஏற்றிவிட்டன. அதே மலைகளில் கொழுந்து பறித்தவர்களுக்காகக் குரல் கொடுத்த கோ. நடேசய்யரின் 'தேசபக்தன்' (1924) அப்படிக் கைக்கு எட்டுவதில்லை. மலையக வரலாறு இன்னமும் துரைமார் எழுத்தையும் அரச அறிக்கைகளையும் நம்பி நிற்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியக் காரணம்.

நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவரது மனைவி மீனாட்சியம்மாள் பெண்ணுரிமை பற்றி 'தேசபக்த'னில் எழுதினார், தோட்டந்தோட்டமாகப் பாடினார். இவர்களைப் பின்வந்த தலைமுறைக்கு மீட்டுத் தந்த ஆய்வாளர் சாரல்நாடனுக்குப் பழைய இதழ்களே ஆதாரம்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இத்தகைய இதழ்களைப் பாதுகாப்பதில் செய்திருப்பது பெரும்பணி. 'குன்றின் குரல்', 'கொழுந்து', 'நந்தலாலா' போன்ற மலையக இதழ்களைக் கட்டணமின்றி அங்கே படிக்கலாம். ஒவ்வோர் இதழுக்கும் உள்ளடக்கமும் தரப்பட்டிருப்பது ஆய்வாளருக்குப் பேருதவி.

என்றாலும் எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1930இல் தொடங்கிய 'வீரகேசரி', 1932இல் தொடங்கிய 'தினகரன்' போன்ற நாளேடுகளுக்குப் பெரிய நிறுவனங்களும் சுவடிகள் திணைக்களமும் இருக்கின்றன. தொழிற்சங்க ஏடுகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் யாருமில்லை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் கைபட்ட 'மாவலி', எண்பதுகளின் 'தீர்த்தக்கரை' போன்றவை குறைந்த பிரதிகளே அச்சானவை. மலிவான செய்தித்தாளிலுள்ள அமிலம் தானாகவே தாளை நொறுக்கும். மலையின் ஈரமும் பூஞ்சணமும் அதை விரைவுபடுத்தும். தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்முறைகளில் எரிந்த வீடுகளோடும் கடைகளோடும் போனவை எவ்வளவோ. எனவே சிறியவற்றுக்கே முதலிடம் வேண்டும்.

வருடியெடுத்த பக்கம் வெறும் படம்தான். எழுத்துணரி மென்பொருள் படித்தால்தான் அதற்குள் தேட முடியும். பழைய அச்சிலுள்ள ணை, லை, னை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அது தடுமாறும். மங்கிய மையும் ஒடுங்கிய பத்திகளும் மேலும் குழப்பும். சரியாகப் படித்துவிட்டாலும் அட்டன், ஹட்டன், ஹற்றன் என்று ஓர் ஊரே மூன்று விதமாக அச்சாகியிருக்கும். தோட்டங்களின் நிலை இன்னும் சிக்கலானது: துரை வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வழங்கும் பெயர் வேறு. 1940இல் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனையும், 1977இல் டெவன் தோட்டத்தில் பலியான சிவனு லட்சுமணனையும் பற்றிய செய்திகளைத் தேடுபவர் இந்த எல்லாப் பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் பெயர்களுக்கு அட்டவணை தயாரிப்பது கொழும்பு அலுவலகத்தில் மட்டும் முடிகிற வேலையன்று. அட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் பழைய சங்கத் தலைவர்களையும் ஊதியம் தந்து இதில் அமர்த்த வேண்டும்.

தேடலும் இலங்கையோடு நின்றுவிடக் கூடாது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்றது. அப்படிக் கப்பலேறியவர்களில் சங்கத்துக்காரர்களும் எழுத்தாளர்களும் இருந்தார்கள். நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய குடும்பங்களிடம் பழைய ஏடுகள் இருக்கின்றனவா என்று வீடுவீடாகக் கேட்க வேண்டும். கிடைப்பதை அங்கேயே வருடியெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரலாம்.