சிவப்புப் பையில் என்ன போடுவது?

"இந்தியாவுல கையையாவது கழுவுறாங்களா?" என்று கேட்டார் யாழ்ப்பாண வம்சாவளி அக்கா ஒருவர், மலேசியாவின் பாலிங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அரிசி கொடுக்கப் போன இடத்தில். அவர் தாத்தா தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். கேள்வி நன்றாகவே தைத்தது. போதாததற்கு, 2020-இல் கெடாவில் ஓர் உணவகத்திலிருந்து பரவிய கோவிட்டுக்குச் 'சிவகங்கா கிளஸ்டர்' என்று பெயர் வைத்ததிலிருந்து எங்கள் பாட்டன் ஊர்ப்பக்கமே நோய்ப்பக்கம் ஆகிவிட்டது.

அக்காவின் பூர்வீகமான இலங்கையில் ஒழுங்கு உண்டு, மறுக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு தாதிய உத்தியோகத்தர் வார்டு வார்டாகச் சுற்றுகிறார். அந்த ஒழுங்கு முதியோர் இல்லம் வரை வந்திருக்கிறதா? நான் போன யாழ்ப்பாண இல்லத்தில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது, உள்ளே பார்க்க முடியவில்லை.

திருச்சியில் என் அத்தை மகள் வேலை செய்யும் இல்லத்தில் உள்ளே வரை போயிருக்கிறேன். அங்கே ஒரு பாட்டிக்குப் பேம்பர்ஸ் மாற்றிய கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போகக்கூடாது. கழற்றி, கை கழுவி, புதிது போடவேண்டும். மூத்திரப் பை தரையைத் தொடக்கூடாது. அதைக் காலி செய்ய ஆளுக்கொரு குவளை. ஒரு தாத்தாவுக்குச் சொறி வந்தபோது எல்லாரும், அரிப்பே இல்லாத ஆயாக்களும், ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பெர்மெத்ரின் களிம்பு பூசிக்கொண்டார்கள். முதல்முறை தொற்றினால் அரிப்பு தெரிய நாலைந்து வாரம் ஆகும். அதற்குள் பூச்சி பல கட்டில் தாண்டியிருக்கும்.

குப்பை விஷயத்தில் இரு நாடும் சுவாரஸ்யம். இந்தியாவின் 2016 விதிப்படி கையுறை, குழாய் எல்லாம் சிவப்புப் பை, கண்ணாடி நீலம், ஊசி வெள்ளை டப்பா, சீழ்பட்ட பஞ்சு மஞ்சள். இலங்கையில் கண்ணாடிதான் சிவப்பு! தொற்றுள்ளது மஞ்சள், ஊசிக்கு மஞ்சளில் சிவப்புக் கோடு. அங்கே பழகியவர் திருச்சியில் சேர்ந்தால் முதல் நாளே திட்டு வாங்குவார். நினைவில் வைக்க இலங்கை முறை எளிது. ஆனால் பிளாஸ்டிக்கை எரிக்காமல், நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி மறுசுழற்சிக்கு அனுப்பவே இந்தியா அதைத் தனியாகப் பிரிக்கிறது. எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இரண்டு பக்கமும் நர்ஸுகள் பலர் படித்து முடித்து வெளிநாடு போய்விடுகிறார்கள். கட்டிலருகே வருடக்கணக்கில் இருப்பது ஆயாதான். திருச்சியில் அவர்களையும் உட்கார வைத்துச் செய்து காட்டுகிறார்கள்: மோதிரத்தைக் கழற்று, கட்டை விரலைச் சுற்றித் தேய், நகக்கண்ணை விடாதே.