காதுகுத்த நிற்கும் வரிசை

அமரவிளை செக்போஸ்டுக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் நம்மில் முப்பது வயது தாண்டிய எல்லாருக்கும் நினைவிருக்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வரும் வரை, தெற்கேயிருந்து வரும் அரிசியும் காய்கறியும் சிமெண்டும் இங்கே நின்று, காகிதம் காட்டி, முத்திரை வாங்கித்தான் நெய்யாற்றின்கரைக்குள் போகும். சிறு வயதில் பார்த்துப் பார்த்து மனதில் ஒட்டிக்கொண்ட காட்சி ஒன்று உண்டு. டிரைவர் இறங்குவார். பில் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார். ஜன்னலுக்கு நாலடி இருக்கும்போது தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். திறந்து கிடக்கும் சட்டையில் மேல் பொத்தானைப் போடுவார். போடச் சொல்லி யாரும் சொன்னதில்லை. எந்தச் சட்டத்திலும் அது கிடையாது.

நம் வாசகசாலையின் மலர்க் குழுவினர் இந்தக் கட்டுரையைக் கேட்டபோது ‘1984’ எழுதிய ஆர்வெல்லுக்கு முன்னால் அந்தப் பொத்தான்தான் நினைவுக்கு வந்தது. கொடிய ஆட்சியையும் கெட்டுப்போன வருங்காலத்தையும் கற்பனை செய்யும் கதையை டிஸ்டோபியா என்கிறார்கள். நான் கேடுலகக் கதை என்று சொல்லிக்கொள்கிறேன். இப்போது இது நிறைய எழுதப்படுகிறது. வாசகசாலையில் பிள்ளைகள் கேட்டு வாங்கிப்போகிறார்கள். ஆனால் இதை மதிப்பிட நம் கையில் இருப்பது ஒரே அளவுகோல்: சொன்னது பலித்ததா? ஜோசியனிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. நாவலிடம் நான் கேட்பது வேறு. கதையில் வரும் சாதாரண மனிதன் எந்த இடத்தில், யாரும் சொல்லாமலே, தன் பொத்தானைப் போட ஆரம்பித்தான்? எழுத்தாளர் அதைப் பார்த்தாரா?

இந்த வகையின் தொடக்கத்தை ஸம்யாதினிடம் வைப்பது வழக்கம். ரஷ்யப் புரட்சிக்குப் பின், 1920-களின் தொடக்கத்தில், மனிதருக்குப் பெயரே இல்லாமல் எண் மட்டும் இருக்கும் நாடு ஒன்றை அவர் எழுதினார். ஹக்ஸ்லி 1932-இல் வந்தார், ஆர்வெல் 1949-இல். ஸம்யாதினுக்கு எண்பது ஆண்டு முன்பே, 1841-இல், நம் தென்திருவிதாங்கூரில் அகிலத்திரட்டு அம்மானை ஏட்டில் ஏறியிருந்தது. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அன்புக்கொடி மக்களுக்கு அது வேதம். அந்த மரியாதையோடுதான் அதைத் தொடுகிறேன். இலக்கிய வாசகனாகப் பார்த்தால், ஆளும் அரசனையே கலிநீசன் என்று பெயரிட்டு, அவன் போட்ட வரிகளையும் வாங்கிய கூலியில்லா ஊழியத்தையும் எண்ணி எண்ணிச் சொல்லி, அதற்கு அப்பால் தர்மயுகம் வரும் என்று காட்டிய நூல் அது. சொன்ன வைகுண்டரோ அரசனின் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். பாறசாலையைச் சுற்றி அவர் வழியினர் வழிபடும் நிழல்தாங்கல்களில் இன்றும் பார்க்கலாம்: கருவறையில் கண்ணாடி, வணங்குகிறவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன் நிற்கிறார். தலையில் துண்டு கட்டக்கூடாது என்று விலக்கப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். டிரைவர் கையில் எடுத்துக்கொண்ட துண்டு அங்கே தலைக்கு ஏறுகிறது.

கனடாவின் மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் பெண்ணின் உடுப்பை அரசு தீர்மானிக்கிறது. இன்ன வகைப் பெண்ணுக்கு இன்ன நிறம். வரலாற்றில் எங்கும் நடக்காத எதையும் அந்த நாவலில் சேர்ப்பதில்லை என்று அவர் தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டார். நம் பாட்டிமாரின் பாட்டிமாருக்கு அந்த நாவலில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது. மேலாடை அணியும் உரிமைக்காக, தோள்சீலைக்காக, இந்தப் பகுதிப் பெண்கள் அடிபட்டது நாற்பது ஆண்டுக் கதை. 1859 ஜூலை 26-இல் வந்த அரச விளம்பரம்கூட மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போல அணியக்கூடாது என்றுதான் அனுமதித்தது. அனுமதிக்குள்ளேயே ஒரு தடையைத் தைத்து வைக்கும் இந்தச் சாமர்த்தியத்தை எந்தக் கேடுலக நாவலிலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

அச்சு வந்த பிறகு பயம் வேறு ரூபம் எடுத்தது. நெய்யாற்றின்கரைக்காரர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைத் தாக்கி எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-இல் நாடுகடத்தப்பட்டார். அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆளைத் தெற்கே கொண்டுபோய்த் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் விட்டார்கள். 1916-இல் கண்ணூரில் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. பத்திரிகையில் நேரடியாக எழுதினால் இதுதான் கதி என்றால், எழுதுகிறவன் என்ன செய்வான்? கற்பனை நாட்டைக் கட்டுவான். அந்த நாடுகடத்தலுக்குச் சில ஆண்டு முன்பே கே. நாராயணக் குருக்கள் எழுதிய ‘பாரப்புறம்’ அப்படிப்பட்டது. மலையாளத்தின் முதல் அரசியல் நாவல் என்று அதைச் சொல்வார்கள். முகமூடிக் கதை என்கிற பள்ளி நம் பக்கத்தில் பிறந்தது இப்படிப்பட்ட நெருக்கடியில்தான்.

நம் நாட்டில் முதலில் எழுதிக் காட்டியது நல்லுலகத்தை. ரொக்கையா பேகம் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளிவந்ததே சென்னைப் பத்திரிகை ஒன்றில்தான். பெரியார் 1940-களில் ‘இனிவரும் உலகம்’ தந்தார். விடுதலை வந்தால், விஞ்ஞானம் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை அது. அதற்குச் சற்று முன், 1930-களின் இறுதியில், புதுமைப்பித்தன் இரண்டு சர்வாதிகாரிகளைப் பற்றி எழுதினார். முசோலினியைப் பற்றியது ‘பாசிஸ்ட் ஜடாமுனி’. ஹிட்லரைப் பற்றியது ‘கப்சிப் தர்பார்’. இரண்டாவது தலைப்பில் ஒரு முழு நாவல் இருக்கிறது. பிறகு க.நா.சு. ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யையும் ‘1984’-ஐயும் தமிழாக்கினார். ஆனாலும் அவை ரஷ்யாவில் நடக்கும் காரியம் என்றே வாசகர் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை உடைத்தது 1975 ஜூன் 25 இரவு. எமர்ஜென்சி இருபத்தொரு மாதம் நீடித்தது. கேரளத்தில் அதன் முகம் ராஜன். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன், 1976 மார்ச் 1 அன்று பிடித்துச் செல்லப்பட்டான். கக்கயம் முகாமுக்குப் போனவன் திரும்பவில்லை. அப்பா ஈச்சர வாரியர் வாழ்நாள் முழுக்க மகனுக்காக வழக்காடினார். எமர்ஜென்சிக்கு முன்பே ஓ.வி. விஜயன் ‘தர்மபுராணம்’ எழுதிவிட்டார். தொடராக வெளிவர இருந்த நேரத்தில் எமர்ஜென்சி குறுக்கே விழுந்தது. 1977-இல்தான் வந்தது, நூலானது 1985-இல். அரசனின் மலத்தைக்கூடப் பிரசாதமாகக் கொண்டாடும் நாடு அது. விஜயனின் துணிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அருவருப்பு பயத்தைத் தின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். படிக்கிறவன் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். பொத்திக்கொண்ட மறுகணம், அந்த நாட்டில் தான் இல்லை என்று ஆறுதலும் அடைந்துவிடுகிறான்.

ஆனந்த் 1989-இல் எழுதிய ‘மருபூமிகள் உண்டாகுந்நது’ அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஒரு பாலைவன ஊர், பாதுகாப்புக்காகக் கட்டப்படும் ரகசியத் திட்டம், வேலைக்குக் கைதிகள், அவர்களுக்கு ஒரு லேபர் ஆபீஸர், பெயர் குந்தன். அவன் கெட்டவனல்ல. கோப்புப் பார்க்கிறான், கையெழுத்துப் போடுகிறான். மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநியாயத்தில் பாதி, நல்லவர்கள் போடும் கையெழுத்தாக இருப்பதை அவனோடு சேர்ந்து நாமும் கண்டுபிடிக்கிறோம். நம் குமரி மாவட்டத்துப் பொன்னீலன் ‘புதிய தரிசனங்கள்’ நாவலில் எமர்ஜென்சியை நேராகவே எழுதினார். 1994-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவற்றைச் சாட்சிப் பள்ளி என்று பிரித்து வைக்கலாம்.

அந்தப் பள்ளியின் உச்சம் ஈழத்தில் இருக்கிறது. 1983 ஜூலை 25-லும் 27-லும் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஷோபாசக்தியின் ‘ம்’ நாவல் அந்தச் சிறைக்குள் போகிறது. அந்தத் தலைப்பில் நான் பலநாள் நின்றிருக்கிறேன். கதை கேட்கிறவன் கொட்டும் ‘ம்’. அதிகாரி கேட்டால் சொல்லும் ‘ம்’. நடப்பதைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் விடும் ‘ம்’. பிறருக்குக் கற்பனையாக இருப்பது அங்கே நினைவு.

இதற்கிடையே எந்திரப் பள்ளி. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1986-இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது இந்த எல்லையிலும் அடுத்த இதழுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. 2021-ஆம் ஆண்டு, ஜீவா என்கிற தலைவரின் ஆட்சி, எல்லார் பெயரும் இரண்டே எழுத்து, பிள்ளை பெற அரசாங்க அனுமதி. நிலா, சிபி, ரவி என்று பெயர்கள் சுருங்கியதில்தான் சுஜாதாவின் மேதைமை இருக்கிறது. குலம், ஊர், தகப்பன் எல்லாவற்றையும் நம் நீண்ட பெயர்களில்தான் கட்டி வைத்திருக்கிறோம்; அதை வெட்டிவிட்டால் ஆள் தனியாகிவிடுவான். ஆனால் கதை போகப்போகக் கொடுங்கோல் ஒரு புதிராகிவிடுகிறது, ஜீனோ என்கிற எந்திர நாய் அதை அவிழ்க்கிறது. சாமர்த்தியத்தால் கலையும் பயம் படிக்கச் சுகமானது. புத்தகத்தை மூடிய பிறகு மனதில் வாலாட்டுவது ஜீனோதான். நிலாவின் அனுமதிக் கடிதம் மறந்துபோகிறது.

ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர்களில் இரண்டு பெயர் போதும். மஞ்சுளா பத்மநாபனின் ‘ஹார்வெஸ்ட்’ நாடகம், 1997-இல் ஒனாசிஸ் பரிசு பெற்றது. பம்பாய்க் குடும்பம் ஒன்று உடல் உறுப்புகளைப் பணக்கார நாட்டுக்கு ஒப்பந்தம் போட்டு விற்கிறது. பிரயாக் அக்பரின் ‘லைலா’, 2017. சாதி மதச் சுத்தத்துக்காகச் சுவர் எழுப்பிய நகரத்தில் ஒரு தாய் மகளைத் தேடுகிறாள். இரண்டும் நல்லவை. மலையாளத்தில் அம்பிகாசுதன் மாங்காட்டின் ‘என்மகஜே’யையும் இவற்றோடு சேர்க்கவேண்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த எண்டோசல்பானின் கதை; அதில் அரசன் என்று ஒருவன் வரவேண்டிய அவசியமே இல்லை, மருந்தே போதுமானதாக இருக்கிறது.

இனி, நான் அளவுகோலாகவே வைத்திருக்கும் நாவல். தன் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பால், பெருமாள்முருகன் எழுத்தை விட்டுவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு, நாகர்கோவில் காலச்சுவடு வெளியீடாக, ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ வந்தது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்ற நிலையில் எழுதிய கதை. கையகலக் கறுப்புக் குட்டி ஒன்று கிழவனிடமும் கிழவியிடமும் வந்து சேர்கிறது. அந்த நாட்டில் எல்லா ஆட்டுக்கும் அரசிடம் கணக்குண்டு. காதில் துளை போட்டு எண் மாட்டவேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நகர்வதில்லை. முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் பேசிக்கொள்கிறார்கள்; அரசைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் தானாகத் தாழ்கிறது. குட்டி எங்கிருந்து வந்தது, தாய் எது, பிறந்தபோதே ஏன் பதியவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? பொய்யை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறவரின் பதற்றம் அந்தப் பக்கங்களில் முழுக்கப் பரவியிருக்கிறது.

காதுகுத்து நமக்கு விசேஷம். மாமன் மடி, தேங்காய், வெற்றிலை, பிள்ளை அழுததும் வாயில் சர்க்கரை. அந்தச் சொல்லையே எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்ததில் பெருமாள்முருகன் செய்திருப்பது பெரிய காரியம். அந்த ஆட்சியின் தலைவர் யார் என்று நாவல் காட்டுவதில்லை. சிலை இல்லை, மீசை இல்லை, மேடை இல்லை. வரிசை இருக்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் வரிசையைக் குறை சொல்வதில்லை. தள்ளாமல் நில்லுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

2019-இல் தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியபின் நம் தொழுவங்களில் மாட்டின் காதில் மஞ்சள் பட்டை தொங்குகிறது. அதில் பன்னிரண்டு இலக்க எண். இதைக் காட்டி, பார்த்தீர்களா, பூனாச்சி பலித்துவிட்டது என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பட்டை கோமாரித் தடுப்பூசிக் கணக்குக்கானது. நோயில்லாத மாடு நமக்கு வேண்டியதுதான். நாவல் பட்டையைப் பற்றியதே அல்ல. பட்டை மாட்ட வருகிறவர் முன்னால் நாம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதைப் பற்றியது.

2020-இல் அந்தக் குரலை நானே என் தொண்டையில் கேட்டேன். என் பெரியம்மா வீடு களியக்காவிளைக்கு அப்புறம். இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இராது. 1956 நவம்பர் 1-இல் நான்கு தாலுகாக்கள் மதராஸோடு போக, நெய்யாற்றின்கரை இங்கே நின்றது. அதன்பின் எங்கள் குடும்பத்தில் பாதி அக்கரை, பாதி இக்கரை. அறுபத்து நாலு வருடம் அந்தக் கோடு எங்களுக்கு ஒரு டீக்கடைப் பேச்சாகவே இருந்தது. கொரோனா வந்ததும் அது நிஜமான தடுப்பாயிற்று. பெரியப்பா இறந்த செய்தி வந்த காலையில் எல்லை தாண்டும் பாஸுக்கு விண்ணப்பித்தேன். பயணக் காரணம் என்ற கட்டத்தில் ‘மரணம்’ என்று அடித்துவிட்டு, அது போதாதோ என்று ‘நெருங்கிய’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தேன். பெரியம்மா மணிக்கு ஒருமுறை போனில், “மக்களே, பாஸு கிட்டிச்சா?” என்றாள். விசாரிக்க அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டபோது, எதிரில் யாருமில்லாத அறையில், நான் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டு, “அப்பா, ஏன் நிக்கறீங்க?” என்று கேட்டாள். அனுமதி வந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள்.

நோய் நிஜம், தடுப்பும் தேவை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை எழுதக்கூடிய நாவல் இந்த எல்லையிலிருந்து வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டு மொழியிலும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் நாம். தமிழில் படித்து மலையாளத்தில் ரேஷன் வாங்குகிறோம், குளச்சல் மு. யூசுப் போன்றவர்கள் மலையாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து தரப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். விஜயனும் ஆனந்தும் சுஜாதாவும் பெருமாள்முருகனும் ஒரே அலமாரியில் அருகருகே நிற்பது நம் வாசகசாலை போன்ற இடங்களில்தான். எழுதப்போகிற பிள்ளைக்குப் பழைய லாரி டிரைவர்கள் சிலர் இன்னும் பாறசாலைப் பக்கம் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம். என் போனில் அந்தப் பாஸ் இருக்கிறது, கறுப்புக் கட்டங்களோடு, என் பெயருக்குக் கீழே ஒரு நீள எண்ணோடு. வேண்டுமென்றால் அதையும் தருகிறேன்.