மாய உலகில் மக்களும் வீரனும்: ஒரு யப்பானிய இயங்குபடத் தொடர் பற்றிய குறிப்பு

கற்பனையுலகு எத்துணை விந்தையானதாயினும், அதனைத் தோற்றுவித்த சமுதாயத்தின் முரண்பாடுகள் அதனுள்ளும் வந்து சேர்தல் இயல்பே. யப்பானில் 2012 இல் ஒளிபரப்பாகிப் பல நாட்டு இளைஞரைக் கவர்ந்த ‘சுவோர்ட் ஆர்ட் ஒன்லைன்’ என்னும் இயங்குபடத் தொடரை இந்நோக்கில் அணுகலாம். ரெக்கி கவஹாராவின் நாவலே இதன் மூலம். வெறும் பொழுதுபோக்கென இதனைப் புறந்தள்ளுதல் விமர்சனமாகாது.

கதை 2022 இல் தொடங்குகிறது. தலைக்கவசம் போன்றதொரு கருவியை அணிந்து, கணினி படைத்த மெய்ந்நிகர் உலகொன்றினுள் 10,000 பேர் விளையாடப் புகுகின்றனர். அதனை அமைத்த கயாபா வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறான். விளையாட்டில் இறப்பவர் மெய்யாகவே இறப்பர். 100 தளங்களையும் வென்றாலன்றி எவர்க்கும் மீட்சியில்லை. முதல் மாதத்திலேயே 2,000 பேர் மடிகின்றனர்.

முன்னோட்டத்திற் பங்குகொண்டு அனுபவம் பெற்றோர்க்கும் புதியோர்க்குமிடையே தொடக்கத்திலேயே பகைமை மூள்கிறது. அறிவு சிலரின் உடைமையாகும்போது ஏனையோர் உயிரிழக்க நேரிடும் என்பதைத் தொடர் கூர்மையாகவே உணர்த்துகிறது. ஆனால், அதற்கு அது காட்டும் தீர்வு யாது? கதாநாயகன் கிரிட்டோ அனைவரது வெறுப்பையும் தானொருவனே ஏற்றுத் தனிவழி செல்கிறான். சமூக முரண்பாடு தனிமனிதத் தியாகமாகச் சுருங்கிவிடுகிறது.

இப்போக்கு 75 ஆந் தளத்தில் உச்சமடைகிறது. வீரர் குழுவொன்றின் தலைவனாக மறைந்து வாழ்ந்த கயாபாவைக் கிரிட்டோ இனங்காண்கிறான். உடனே கயாபா ஏனையோரை அசைவற்று வீழச்செய்து, கிரிட்டோவை மாத்திரம் போருக்கு அழைக்கிறான். ஈராண்டுகள் தோளோடு தோள் நின்று போராடியோர் தரையிற் கிடந்து பார்வையாளராகின்றனர். அசுனா ஒருத்தியே அக்கட்டினை மீறி எழுகிறாள். எனினும் காதலனுக்காக உயிர் துறப்பதற்கே அவளும் எழுகிறாள். மக்களை முடக்கிவிட்டே தனி வீரனை உருவாக்க இயலும் என்பதை இக்காட்சி தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

இன்னொரு மௌனமும் நம் கவனத்திற்குரியது. இவ்வீரர்களின் உடல்கள் ஈராண்டுகளாக மருத்துவமனைகளிற் கிடக்கின்றன. அவற்றை உயிரோடு வைத்திருந்த கைகளின் உழைப்பைத் தொடர் பொருட்படுத்தவில்லை.

இத்தகைய கதைகளுக்கு இது தவிர்க்கவியலாத விதியன்று. 2013 இல் ஒளிபரப்பாகிய ‘லொக் ஹொரைசன்’ தொடரிலும் மாந்தர் விளையாட்டுலகில் அகப்படுகின்றனர். அங்கே பட்டியலிலிருந்து தெரிவுசெய்து ஆக்கிய உணவிற் சுவையில்லை; சமையல் தேர்ந்தோர் தம் கையாற் சமைத்தபோதே சுவை பிறக்கிறது. அகிஹபாரா நகரிற் குழுக்களின் பிரதிநிதிகள் வட்டமேசையில் ஒன்றுகூடி ஆட்சிமுறையொன்றினை அமைக்கின்றனர்.

முன்னைய தொடரின் உணர்ச்சிவேகம் இதற்கில்லை என்பது உண்மையே. ஆயினும் உழைப்பையும் கூட்டுவாழ்வையும் கண்டுகொண்ட வகையில் இதுவே யதார்த்தத்திற்கு அணித்தாய் நிற்கிறது. விடுதலையை ஒருவன் பிறர்க்கு ஈயும் கொடையாகக் காட்டும் கலை, எத்துணைக் கவர்ச்சியுடையதாயினும், மக்களைத் தரையிற் கிடத்தியே வைத்திருக்கும் என்பது நமது துணிபு.