கோவூர்கிழார் கண்ட உட்பகை

புறநானூற்றின் 44, 45, 47ஆம் பாடல்கள் மூன்றும் கோவூர்கிழார் பாடியவை. மூன்றும் சோழர் குடியில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் மூண்ட போரைச் சார்ந்தவை. இவற்றுள் 45ஆம் பாடலே பலராலும் எடுத்தாளப்படுவது. அதனால், போரையே வெறுத்த சமாதானப் புலவர் அவர் என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது. மூன்றையும் ஒருசேர நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். நலங்கிள்ளியின் போர்வன்மையைப் பாராட்டிப் பாடியவரும் அவரே. அவரை வருத்தியது ஒரு குடியினர் தம்முட் பொருதலும், அப்போர் நாட்டில் விட்டுச்செல்லும் வடுவுமேயாம்.

முற்றுகைக்குட்பட்ட ஆவூரின் நிலையை 44ஆம் பாடல் காட்டுகின்றது. நீராடவும் கவளம் உண்ணவும் பெறாத யானைகளின் துதிக்கைகள் நிலத்திற் புரள்கின்றன, பாலின்றிக் குழந்தைகள் கதறுகின்றன, மகளிர் கூந்தலிற் பூவில்லை, இல்லங்களில் நீரில்லை. புலவர் நெடுங்கிள்ளிக்குக் கூறுவது யாது? அறவழி நிற்பானாயின் ஊரை ஒப்படைத்துக் கதவைத் திறத்தல் வேண்டும். மறவழி நிற்பானாயின் வெளிவந்து பொருதல் வேண்டும். இரண்டுமின்றி மதிலுள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது. பொருக என்று கூறவும் அவர் தயங்கவில்லை. முடிவு செய்பவன் ஒருவன், பசித்திருப்போர் பலர் என்னும் முறைகேட்டையே அவர் கடிகின்றார்.

உறையூர் முற்றுகையின்போது எழுந்தது 45ஆம் பாடல். எதிர்நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனுமல்லன், வேம்பு சூடிய பாண்டியனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. மகிழ்பவர் பிற வேந்தரே.

எனினும், உட்பகையின் ஆழ்ந்த கேட்டைக் காட்டுவது 47ஆம் பாடலே என்பது எம் துணிபு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். வள்ளல்களை நாடிச் சென்று, பெற்றதைச் சுற்றத்தார்க்கும் பிறர்க்கும் வழங்கி வாழும் புலவர் எவர்க்கும் தீங்கு நினையார் என்று பாடி, கோவூர்கிழார் அவனை உய்வித்தார். நேற்றுவரை விருந்தினனாகக் கொள்ளப்பட்டவன் இன்று ஒற்றனாகத் தோன்றுகின்றான். மதில் இடிந்தால் மீளக் கட்டலாம். ஐயுறவு குடிகொண்ட நெஞ்சை அங்ஙனம் கட்டுதல் எளிதன்று. அரசரிருவரைச் சந்து செய்யும் பாடலையும், ஐயத்துக்குள்ளான ஒருவனை மீட்கும் பாடலையும் துணைவஞ்சி என்னும் ஒரே துறையில் அடக்கினர் பண்டைத் தொகுப்பாளர். இரண்டும் ஒரே நோய்க்கு மருந்து என அவர் கண்டனர் போலும்.

புலவரின் அச்சம் வீணன்று. காரியாற்றுத் துஞ்சியவன் என்னும் அடைமொழியோடே நெடுங்கிள்ளி அறியப்படுகின்றான். சோழர் குடியில் நிகழ்ந்த மற்றோர் உட்பகையைச் சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதை கூறுகின்றது: கிள்ளியின் ஆட்சியை ஏற்காத ஒன்பதின்மரை வென்று அவனை நிலைநிறுத்தியவன் சேரன் செங்குட்டுவன். தம்முட் பொருத குடிக்கு அண்டை வேந்தனே நடுவனாக வரவேண்டியதாயிற்று.

நம் நாட்டிற் போர் 2009இல் முடிவுற்றது. ஆயின் போர் ஓய்தல் வேறு, ஐயுறவு ஓய்தல் வேறு. அயலூரிலிருந்து வருபவனை முதலில் எவ்வாறு நோக்குகின்றோம் என்பதே ஒரு நாடு உட்பகையினின்றும் மீண்டதா என்பதற்கு அளவுகோல். இளந்தத்தனுக்காக ஒருவர் எழுந்து பேசினார். அங்ஙனம் பேசுவாரை உருவாக்குதல் கல்விக் கழகங்களின் கடன். மாணவர் 45ஆம் பாடலோடு 47ஆம் பாடலையும் சேர்த்துக் கற்பாராக.