சாகச விளையாட்டில் உரையாடலின் அளவு

சாகசக் கணினி விளையாட்டுகளில் உரையாடல் மிகுந்தால் ஆடுவோர் சலிப்பர் என்பாரும் உளர். அவர் சலிப்பது கைகட்டி நின்று கேட்கும் பேச்சிலேயே என்பது எம் துணிபு. 1990-இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்னும் விளையாட்டில் வாட்போரை வெல்வது வாளன்று, சொல்லே. கடற்கொள்ளையரின் வசைகளையும் அவற்றுக்குரிய மறுமொழிகளையும் பலகால் தோற்றே கற்றல் வேண்டும். பின்னர் வாட்போரில் வல்ல கார்லா, முன் கேளாத வசைகளைத் தொடுப்பாள். கற்ற மறுமொழிகளையே அவற்றுக்கு இயைத்துரைத்தால்தான் வெற்றி. அங்குப் பேச்சே செயல். வெற்று நகைப்பேச்சுச் சிலவிடத்து நீளுதலும் உண்மையே. 1993-இல் வந்த ‘மிஸ்ட்’ இதற்கு மறுதலை. ஆளரவமற்ற தீவு, நூல்களுள் சிறைப்பட்ட உடன்பிறந்தார் இருவர். தாளொன்றைத் தேடிக் கொணர்ந்து சேர்க்குந்தோறும் அவர்தம் குழறிய பேச்சுச் சிறிது தெளியும். ஒவ்வொருவனும் மற்றவனைப் பழிப்பான். யாரை நம்புவது என அறிய, ஆடுவோர் அச்சில சொற்களையே மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பர்.