வீட்டில் எத்தனை புத்தகம்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியறையில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். அண்மையில் இரண்டாம் படிவப் பையன் ஒருவன் 'பெச்சாஹான்' கணக்கில் மாட்டிக்கொண்டு விழித்தான். "பின்னம்தானேடா, தமிழ்ப்பள்ளியிலயே படிச்சிருப்பியே" என்றேன். "அது தமிழ்ப்பள்ளியில படிச்சது சார். இது வேற" என்றான்.

அந்த 'வேற' என்ற சொல்லைத்தான் நம் கல்வி விவாதங்கள் கவனிக்கவே இல்லை.

அறிவியலையும் கணிதத்தையும் எந்த மொழியில் கற்பிப்பது என்பதே இருபது வருடங்களுக்கும் மேலாக நம் சண்டை. 2003இல் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளுக்காக மறுபடியும் கொடி பிடித்தோம். இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது எட்டாம் வகுப்பு நிலை மாணவர்களை நாடுவாரியாக அளக்கும் டிம்ஸ் மதிப்பீட்டை. கணிதத்தில் மலேசியா 1999இல் 519 புள்ளிகள், 2011இல் 440. அதே ஆண்டுகளில் சிங்கப்பூர் 604, 611.

ஆங்கிலம்தான் கெடுத்தது என்பார்கள் தமிழ் அன்பர்கள். 2011இல் தேர்வெழுதியவர்கள் அந்தத் திட்டத்தில் படித்த தலைமுறை என்பது உண்மைதான். ஆனால் ஆங்கிலத் திட்டம் போன பிறகு தொடக்கப்பள்ளிக்கு வந்த பிள்ளைகள் 2023இல் எழுதியபோது புள்ளி 411க்கு இறங்கியது. நடுவில் பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூடியதையும் மறக்கக் கூடாது. என் வாசிப்பில், இந்த எண்கள் எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்லவில்லை. நாம்தான் வேண்டிய வரியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தை மூடுகிறோம்.

அதே மதிப்பீட்டில் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உன் வீட்டில் ஏறக்குறைய எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன? பாடநூல், நாளிதழ், இதழ்களைச் சேர்க்கக் கூடாது. முதல் கட்டம் பூச்சியத்திலிருந்து பத்து வரை. நாடு எதுவானாலும் புத்தகம் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளின் சராசரி பொதுவாக உயர்ந்தே இருக்கிறது. புத்தகம் வாங்கி அடுக்கினால் புள்ளி ஏறிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. புத்தகம் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் வருமானமும், பிள்ளையோடு உட்கார நேரமும் இருக்கின்றன. என் பள்ளிப்பருவ வீட்டில் பஞ்சாங்கமும் பயிற்சி நூல்களும் இருந்தன. நேர்மையாக நிரப்பியிருந்தால் நானும் முதல் கட்டம்தான்.

இலக்கியம் பேசும் நமக்கு இதில் பங்கில்லை என்று நான் நினைக்கவில்லை. சொற்கணக்கு என்பதே ஒரு வாசிப்புதான். ஆறு வருடம் தமிழில் படித்த பிள்ளை ஒரே ஆண்டில் மலாய்க்குத் தாவுகிறது. பழைய அறிவும் புதிய சொல்லும் ஒன்றுதான் என்று காட்டுவது யாருடைய பொறுப்பு என்று எவரும் எழுதிவைக்கவில்லை. தமிழ்ப்பள்ளியைக் காக்க மறியலுக்கு வருகிற நாம், அந்தப் பிள்ளை பதின்மூன்று வயதில் வாசிக்க என்ன வைத்திருக்கிறோம்? இந்த ஊரில் நான் போன நூல் வெளியீடுகளில் கவிதை உண்டு, நாவல் உண்டு. அந்த வயதுக்கு எழுதிய தமிழ் அறிவியல் நூல் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. நானும் எழுதவில்லை. கவிதைதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பையனிடம், கணக்கைப் போடாதே, முதலில் தமிழில் கதையாகச் சொல் என்றேன். ரொட்டிச் சானாயை நாலாகப் பிய்த்து மூன்றைத் தம்பிக்குக் கொடுத்தான். "மீதி எவ்வளவு?" "கால்." "மலாய்ல?" "சுக்கு." கொஞ்சநேரம் தாளையே பார்த்தான்.

"சார், அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டாம் படிவம் வரை ஆகியிருக்கிறது.