கீட்ஸின் கடிதங்களும் ஒரு பெண்ணும்

செத்துப் போனவர்களின் கடிதங்களைப் படிப்பது நாகரிகம்தானா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆங்கிலக் கவி ஜான் கீட்ஸ் விஷயத்தில் அதைக் கேட்பதற்குக் காலம் கடந்துவிட்டது. ஃபானி பிரான் என்ற பெண்ணுக்கு அவன் எழுதிய காதல் கடிதங்கள் 1878இல் அச்சேறிவிட்டன. அவற்றைப் படித்தவர்கள் அவனைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொண்டதைவிட, அவளைப் பற்றித் தப்பாகத் தெரிந்துகொண்டதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கீட்ஸின் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை, அமெரிக்காவில் குடியேறிவிட்ட தம்பி ஜார்ஜுக்கு அவன் எழுதியவை. 1819இல் ஒரே கடிதத்தைப் பிப்ரவரியில் ஆரம்பித்து மே மாதம்வரை எழுதிக்கொண்டே போகிறான். கிரிக்கெட் பந்து பட்டுக் கண் கறுத்துப்போனது, கிளாரெட் மதுவின் ருசி, சிநேகிதர்களைப் பற்றிய வம்பு, புதிதாக எழுதிய கவிதைகளின் பிரதி, உலகத்தில் இத்தனை துன்பம் எதற்காக என்ற விசாரம், எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. எதையும் ஒழுங்குபடுத்த அவன் முயலவில்லை. தம்பியிடம் பேசும்போது யார் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்கள்?

ஃபானியை அவன் முதல்முதலாக வர்ணிப்பதும் ஜார்ஜுக்கு எழுதிய கடிதத்தில்தான், 1818 டிசம்பரில். ஏறக்குறைய தன் உயரம், கைகள் பரவாயில்லை, பாதம் சுமார், நடத்தை போதாது என்று அங்கம் அங்கமாகக் குறை சொல்லிக்கொண்டு போகிறான். மனம் பறிபோய்க்கொண்டிருப்பவன் பேசுகிற பேச்சு இது என்று யாருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, அவளுக்குப் பதினேழு வயதுகூட ஆகவில்லை என்கிறான். அவளுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது! சாட்சி, வயதையே தப்பாகச் சொல்கிறான்.

1820 பிப்ரவரியில் கீட்ஸ் ரத்தம் கக்கினான். வைத்தியம் படித்தவன், ஒரு வருஷத்துக்கு முன்புதான் தம்பி டாமை க்ஷயரோகத்துக்குப் பறிகொடுத்தவன். அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஹாம்ஸ்டெட்டில் அடுத்த பாகத்தில்தான் ஃபானியின் குடும்பம் குடியிருந்தது. நடுவே ஒரு சுவர். படுக்கையில் கிடந்தபடி சீட்டு எழுதி அனுப்புகிறான். போகப் போகச் சந்தேகம் அதிகமாகிறது. அவள் வெளியே போவதும் பிறரோடு சிரித்துப் பேசுவதும்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை. மரணத்தைக் கண்டு நடுங்குகிற ஓர் இளைஞனின் குரல் அது. ஆனால் படித்தவர்கள் பலர், குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டார்கள். கவியின் அருமை தெரியாத பகட்டுக்காரி என்று அவளுக்குப் பெயர் வந்தது.

அவள் என்ன பதில் எழுதினாள்? அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தாலிக்குப் போன பிறகு அவளிடமிருந்து வந்தவற்றைப் பிரிக்கும் தைரியமே கீட்ஸுக்கு இல்லை. 1821 பிப்ரவரி 23ஆம் தேதி, இருபத்தைந்தாவது வயதில், ரோமாபுரியில் இறந்தான். பிரிக்காத கடிதங்களை அவனோடு புதைத்தார்கள்.

எங்களைப் போல நாவல் எழுதுகிறவர்கள் கதைக்குள் கடிதம் எழுதும்போது ஒரு தந்திரம் செய்கிறோம். பெறுகிறவருக்குத் தெரிந்த சங்கதியையே, வாசகருக்காகத் திரும்பவும் எழுதி வைப்போம். நிஜமான கடிதத்தில் அது கிடையாது. பெறுகிறவருக்குத் தெரிந்தது எழுதப்படாமல் நின்றுவிடுகிறது. நமக்குத் தெரிய வேண்டியதோ அநேகமாக அதுதான். ஃபானி மறுத்தாளா, அழுதாளா, கோபித்தாளா என்பதெல்லாம் கீட்ஸுக்குத் தெரியும். அவனுடைய வரிகளைப் படித்து அதை ஊகிக்கப் புறப்பட்டவர்கள், தங்கள் மனசில் ஏற்கனவே இருந்த ஒரு பெண்ணைத்தான் கண்டுபிடித்தார்கள்.

1936இல் நிலைமை மாறியது. ஃபானி, கீட்ஸின் தங்கைக்கு எழுதிய 31 கடிதங்கள் வெளியாயின. இத்தாலிக்குப் புறப்பட்ட அண்ணனின் விருப்பப்படி ஆரம்பித்த கடிதப் போக்குவரத்து அது. கறாரான பாதுகாவலர் ஒருவரின் வீட்டில் அடைபட்டுக் கிடந்த பதினேழு வயதுப் பெண்ணுக்குத் துணிமணி பற்றியும் புஸ்தகங்கள் பற்றியும் ஃபானி எழுதுகிறாள். அவளுடைய வாசிப்பும் கேலியும் எனக்கு ரசமாக இருக்கின்றன. நடுவில் ரோமாபுரிச் செய்தி வருகிறது. கீட்ஸ் திரும்பமாட்டான் என்று, மரணச் செய்தி வந்து சேர்வதற்கு முன்பே அவள் தெரிந்துகொண்டு எழுதுகிறாள். பிற்பாடு எழுதிய ஒன்றில், அந்தத் துக்கத்திலிருந்து தான் மீளவில்லை, மீளப்போவதுமில்லை என்கிறாள். அலங்காரம் எதுவும் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறாள். இந்தக் கடிதங்களில் பெரிய கவித்துவம் இருப்பதாக நான் சொல்லவரவில்லை. நிதானமும் அடக்கமும் இருக்கின்றன. பகட்டுக்காரிக்கு அவை வராது.

ஃபானி 1833இல் வேறொருவரை மணந்துகொண்டு குழந்தைகள் பெற்றாள், 1865இல் இறந்தாள். கீட்ஸின் கடிதங்களை அச்சுக்குக் கொடுத்ததும், 1885இல் லண்டனில் ஏலத்துக்கு அனுப்பியதும் அவள் பிள்ளைகள் காலத்து வியாபாரம். அவள் கையில் அவை நாற்பத்து நான்கு வருஷம் இருந்தன. கணவன் வீட்டில், தன்மீது அத்தனை பழியும் எழுதியிருந்த அந்தக் காகிதங்களை அவள் எரிக்கவில்லை.